பனி நீங்கா மலைவழியும் தீவகத்தார் அறிவும்

கடல்மட்டத்தினின்று பத்து மீற்றர் உயர்ந்த நிலத்தைக் காண்பதும் அரிதாகிய தீவகத்தைச் சேர்ந்த ஒருவன் பனிமலையைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். நெடுந்தீவிலே மலையில்லை, நயினாதீவிலே பனிமழை பெய்ததில்லை, ஊர்காவற்றுறையிலே கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் கடலும் பனையுமே. எனினும், நம் கல்லூரிப் பழைய மாணவரின் இவ்விழா மலரிலே இப்பொருளைக் குறித்துச் சில கூறுதல் கடன் எனத் துணிந்தேன். காரணம் வெளிப்படை. 1983ஆம் ஆண்டின் பின்னரும், போரினால் தீவகத்து ஊர்கள் பல வெறுமையுற்ற 1990களிலும் நம்மவர் பெருந்தொகையினராய்ச் சுவிற்சர்லாந்து, நோர்வே, கனடா முதலிய நாடுகளிலே குடியேறினர். புங்குடுதீவிலும் வேலணையிலும் நயினாதீவிலும் பிறந்தோருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பனிமலைகளின் அடிவாரத்திலே வளர்கின்றனர். நாம் கடற்கரைக்குச் சென்ற இயல்போடு அவர்கள் மலைக்குச் செல்கின்றனர். அவர்கள் செல்லும் இடத்தைப் பற்றி அவர்தம் பெற்றோரும் பேரன்மாரும் யாதும் அறியாதிருத்தல் நன்றோ என்பதே என் வினா.

அந்நாடுகளிலே வைகாசி மாதம் பள்ளத்தாக்குகள் பசுமை பூணுகின்றன. மரங்கள் தளிர்க்கின்றன, குளிர்காலத்துத் தடித்த மேலாடைகள் அலுமாரிக்குள் செல்கின்றன. வெயில் எறிக்கும் முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே இளைஞர் நால்வர் ஐவர் கூடி மலையுச்சி ஏரியொன்றைக் காணப் புறப்படுகின்றனர். கைத்தொலைபேசித் திரையிலே அவர்கள் கண்ட படம் நீலமணி போன்ற நீரும் அதனைச் சூழ்ந்த பூக்களும் நிறைந்தது. அப்படம் ஆவணி மாதத்திலே எடுக்கப்பட்டது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. வைகாசியில் அதே ஏரி வெண்பனியின் கீழ் உறைந்து கிடக்கும்; அதற்குச் செல்லும் வழியும் பனிக்குள் மறைந்திருக்கும். பள்ளத்தாக்கிலே வேனில், மலைமேலே மாரி. இரண்டுக்குமிடையே அரைமணி நேரப் பயணந்தான்.

உதாரணம் ஒன்று கூறுவேன். சுவிற்சர்லாந்தின் பேர்ண் மாநிலத்திலே கிறிண்டல்வால்ட் என்னும் மலையூர் ஏறத்தாழ 1,030 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பிவடத்திலே தொங்கிச் செல்லும் ஊர்தியொன்று மக்களை 2,170 மீற்றர் அளவுக்கு ஏற்றிவிடும். அதன்மேல் ஒருமணி நேரம் நடந்தால் பக்கல்ப் ஏரியை அடையலாம். அதன் உயரம் 2,265 மீற்றர். நம் நாட்டுச் சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். ஆகவே அவ்வேரி நம் மலையின் உச்சியைவிட 22 மீற்றரே உயர்ந்தது. எனினும் சிவனொளிபாதத்திலே பனிமழை பொழிவதில்லை. பக்கல்ப் ஏரியோ சில ஆண்டுகளிலே ஆனி மாதம் பிறந்த பின்னரும் உறைந்தபடியே கிடக்கும். ஓராயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பள்ளிக்கூடத்திலே நாம் கற்ற பாடம். கிறிண்டல்வால்டிலே இதமான வெயிலிற் புறப்பட்டவன் ஏரிக்கரையிலே எட்டுப் பாகை குறைந்த காற்றிலே நிற்பான். காற்று வீசினாலோ மழை தூறினாலோ அக்குளிர் பின்னும் மிகும். ஊர்தி உடலை மேலே கொண்டுசெல்கின்றது. அவ்விடத்துக்குரிய அறிவையும் ஆடையையும் அது கொண்டுசெல்வதில்லை. கனடாவின் அல்பேட்டா மாகாணத்திலுள்ள மொறெயின் ஏரியின் கதையும் இதுவே. 1,880 மீற்றருக்கு மேலுள்ள அவ்வேரியின் பனி பெரும்பாலும் யூன் மாதத்திலேயே உருகும். அதற்கு மேலுள்ள கணவாய்களிலே யூலைவரை பனி தங்கும்.

இனி, அப்பனி எவ்வாறு தீங்கு செய்கின்றது என்பதை விளக்குதல் வேண்டும். அறியாதான் அதனை மெத்தை போன்றதொரு பொருளாகக் கருதுவான். அதிகாலையிலே அது கண்ணாடிபோல் இறுகியிருக்கும். சரிவிலே சறுக்கியவன் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள இயலாமற் கீழேயுள்ள பாறைவரை செல்வான். நண்பகல் கடந்தபின் அதே பனி இளகி, வைத்த கால் முழங்கால்வரை புதையும். செங்குத்தான சரிவுகளிலே நீரேறிக் கனத்துத் திரளாகச் சரியும். வழியை அறுத்துச் செல்லும் ஓடைகளின்மேல் பனி பாலம்போற் கிடக்கும். அடியிலே ஓடும் நீர் அதனை நாள்தோறும் அரித்து மெலியச் செய்யும். நேற்று ஒருவனைத் தாங்கிய பாலம் இன்று மற்றவனைத் தாங்காது. காலையில் எளிதிற் கடந்த ஓடை, பகலெல்லாம் உருகிய பனியின் நீரால் மாலையிலே பெருகி, திரும்பும் வழியை அடைத்தலும் உண்டு. ஏரியின் உறைபனியோ இவை யாவற்றினும் வஞ்சகமானது. நீர் உள்ளே வரும் வாயிலும் வெளியே செல்லும் வாயிலும் அது மெலிந்திருப்பது கரையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியாது. குளிர்நீரில் வீழ்ந்தவன் சில நிமிடங்களிலே கைகால் வலுவிழப்பான். நீந்தத் தெரிந்திருத்தலும் அப்போது பயன்படாது. கண்ணுக்குங்கூட அங்கே காப்பு வேண்டும். புதுப்பனி ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களில் நூற்றுக்கு எண்பதுவரை திருப்பி எறியும் ஆதலின், கறுப்புக் கண்ணாடி அணியாதவன் மாலையிலே கண் எரிந்து பார்வை மங்க வருந்துவான்.

பனியெல்லாம் ஒரே நாளில் நீங்குவதுமில்லை. தெற்கு நோக்கிய சரிவு வெயில் பட்டு முன்னதாக வெறுமையாகும்; வடக்கு நோக்கிய சரிவிலும் பாறை நிழலிலும் வாரக்கணக்கிலே பின்னும் தங்கியிருக்கும். ஆதலின் முக்கால் வழி உலர்ந்து கிடக்க, எஞ்சிய கால்வழியிலே ஆபத்து ஒளிந்திருக்கும். மூன்றுமணி நேரம் நடந்தவன், ஏரி கண்ணுக்குத் தெரியும் நிலையிலே, ஐம்பதடி அகலப் பனிச்சரிவொன்றின் முன் நிற்கின்றான். ‘இத்தனை தூரம் வந்தோம், இந்த ஐம்பதடிக்காகவா திரும்புவது?’ என்று அவன் மனம் கேட்கின்றது. பனிமலையின் இடர்களுள் மிகக் கொடியது இந்த வினாவே என்பது என் கருத்து.

நம் பெற்றோர் இதற்குச் செய்வது யாது? இருவகையினரை நாம் காண்கின்றோம். ஒருசாரார், ‘மலையும் வேண்டாம், ஏரியும் வேண்டாம், வீட்டிலிருந்து படி’ என்று தடுக்கின்றனர். அவர்தம் அச்சம் அன்பின் வழிப்பட்டதே. ஆயினும் அது பயன்தருவதன்று. தடுக்கப்பட்ட பிள்ளை சொல்லாமற் செல்வான். சொல்லாமற் சென்றவனை எங்கே தேடுவது என்பதும் அறியாமற் போகும். மற்றொரு சாரார், ‘அந்நாட்டவர் எல்லாரும் போகின்றனர், நம் பிள்ளையும் போகட்டும்’ என்று வாளாவிருக்கின்றனர். அந்நாட்டுப் பிள்ளை தன் தந்தையோடும் பேரனோடும் ஐந்து வயது முதல் மலையேறிப் பழகியவன் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. தடுத்தலும் தகாது, கண்மூடி விடுத்தலும் தகாது. மூன்றாவது வழியொன்று உண்டு. அதனைத் தீவகத்தார் நன்கு அறிவர் என்பதை வலியுறுத்தவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

நம் தீவுகளின் வாழ்வு பருவத்துக்குக் கட்டுப்பட்ட வாழ்வு. பாலங்கள் அமைவதற்கு முன் ஊருக்கு ஊர் செல்வதற்குத் தோணியே துணை. இன்றும் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் கடல்வழியன்றி வேறு வழியில்லை. குறிகட்டுவான் துறையிலே காற்றுக் கடுத்த நாளிலே படகு புறப்படாது. மணவினை காத்திருக்கும், சந்தைப் பொருள் காத்திருக்கும், கச்சேரி அலுவலும் காத்திருக்கும். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்த மக்கள் நாம். பெயர் வைத்தது அழகுக்காகவன்று. எந்தக் காற்றிலே எந்தக் கடல் கொந்தளிக்கும், எந்தத் துறை ஒதுங்குதற்கு ஏற்றது, எந்த மாதம் புறப்படலாம், எந்த மாதம் கரையிலிருத்தல் வேண்டும் என்னும் அறிவு முழுவதும் அந்த நான்கு சொற்களுள் அடங்கியிருந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து பாய்மரக் கப்பலோட்டிய தண்டையல்மார் மேகத்தைப் பார்த்துப் பாயை இறக்கினார்கள். புறப்பட்ட துறைக்கே திரும்பியும் வந்தார்கள். அவ்வாறு திரும்பியவனைக் கோழையென்று எவரும் இகழ்ந்ததில்லை. அவனுடைய கப்பலிலே அடுத்த முறையும் மக்கள் நம்பி ஏறினார்கள்.

இவ்வறிவைப் பெற்ற நாம் பனியைப் பற்றி யாது அறிவோம்? நம்மிடம் உள்ளது ‘பனி’ என்னும் ஒரே சொல். மார்கழி விடியலிலே புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. பனையோலையிடையே படரும் புகார் மூட்டமும் பனி. மலையை மூடிக் கிடக்கும் வெண்திரளும் பனி. ஏரிமேல் உறைந்த கட்டியும் பனியே. நமக்கு அவ்வளவே போதியதாயிருந்தது. மலைநாட்டிலே வாழும் நம் பிள்ளைக்கு அது போதாது. நேற்று விழுந்த புதுப்பனி, காற்றடித்துக் குவித்த பனி, இரவிலே இறுகிய பனி, பகலிலே நீரேறிய பனி, உருகி மீண்டும் உறைந்த கட்டிப்பனி ஆகியவை வெவ்வேறு பொருள்கள். வெவ்வேறு காற்றுக்கள் போன்றவை. அவற்றை வேறுபிரித்துப் பார்க்கவும் பெயரிட்டு அழைக்கவும் பழகியவனே மலையிலே நடக்கத் தகுதியுடையவன். நம் பிள்ளைகள் அச்சொற்களை யேர்மன் மொழியிலோ நோர்வே மொழியிலோ ஆங்கிலத்திலோ கற்றுக்கொள்ளட்டும். வீட்டிலே தாய்தந்தையர்க்குத் தமிழிலே விளக்கிக் கூறட்டும். காலப்போக்கிலே நம் மொழியிலும் அவற்றுக்குப் பெயர்கள் தோன்றும். கடலுக்குச் சொல் தந்த மொழி பனிக்குச் சொல் தர மறுக்காது.

மலைக்குச் செல்லுதல் நம் சமயத்துக்கும் மரபுக்கும் புதிதன்று. ஆனால் நம் முன்னோர் மலைக்கும் காலம் வகுத்தனர். சிவனொளிபாதமலைக்கு யாத்திரைக் காலம் மார்கழி தொடங்கி வைகாசிவரை. மற்ற மாதங்களிலே காற்றும் மழையும் மிகுதலின் யாத்திரை ஓய்கின்றது. சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய திருக்கேதாரம் 3,583 மீற்றர் உயரத்திலுள்ளது. அக்கோயில் வேனில் தொடக்கத்திலே திறக்கப்பெற்றுத் தீபாவளியை அடுத்து மூடப்பெறுகின்றது. பனிக்காலம் முழுவதும் உற்சவமூர்த்தி மலையிறங்கி உகிமடத்திலே எழுந்தருளியிருந்து பூசை கொள்கின்றார். இறைவனே பனிக்குரிய காலத்தில் மலையைப் பனிக்கு விட்டுக் கீழே வந்து தங்குகின்றான். அடியவன் வைகாசி ஞாயிற்றுக்கிழமையொன்றில் தன் விருப்பப்படி ஏறுவேன் என்பது பொருந்துமோ? கயிலைக்கும் மானசரோவருக்கும் செல்லும் யாத்திரையும் யூன் முதலான கோடை மாதங்களிலேயே நிகழ்கின்றது. ஐந்தாண்டு இடையீட்டின் பின் 2025இல் மீண்டும் தொடங்கிய இந்திய அரசின் யாத்திரையும் அவ்வாறே அமைந்தது.

காலத்துக்குட்பட்டுச் சென்றார்க்கும் மலை முழுப் பாதுகாப்பை உறுதி செய்வதில்லை என்பதற்குக் கேதாரமே சான்று. கோயிலுக்கு மேலே சோராபாரி என்றோர் ஏரி இருந்தது. 1948இல் காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி அங்கே கரைக்கப்பட்டதனால் அது காந்தி சரோவர் எனவும் வழங்கிற்று. 2013ஆம் ஆண்டு யூன் மாதம் பருவமழை முன்னதாகவே வந்து, உருகாது கிடந்த பனிமேல் இடைவிடாது பொழிந்தது. மழைநீரும் பனிநீரும் ஒருங்கே நிறைந்து, பனியாறு கொணர்ந்து குவித்த கல்லும் மண்ணுமாகிய கரை 17ஆம் நாட் காலையிலே உடைந்தது. ஏரி முழுதும் சில நிமிடங்களிலே கீழே பாய்ந்தது. அவ்வெள்ளப் பேரிடரிலே உத்தரகாண்ட மாநிலத்தில் இறந்தோரும் காணாமற் போனோருமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் கணக்கிடப்பட்டனர். பனி நிறைந்த மலைமேல் பெருமழை பெய்யும் நாளிலே, ஏரியின் கீழுள்ள பள்ளத்தாக்கும் நிற்கத் தக்க இடமன்று என்பதை உலகம் அன்று கண்டது. கடலிலே புயற்குறி கண்டவுடன் வள்ளத்தைக் கரையேற்றும் நமக்கு இவ்வுண்மையை விரித்துரைத்தல் வேண்டா.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்கு உரைத்த அம்மூன்றும் மலைவழி செல்வானுக்கும் அப்படியே பொருந்துவன. தன் வலியும் துணைவர் வலியும் அறிதல் முதலாவது. கூட்டத்திலே மிகவும் தளர்ந்தவன் நடையே கூட்டத்தின் நடை என்று கொள்ளுதல் அதன்பாற்படும். காலமறிதலாவது, ஆண்டிலே எந்த மாதம், மாதத்திலே எந்த நாள், நாளிலே எந்த மணி என்று மூன்று படியாக அறிதல். வைகறையிற் புறப்பட்டு, பனி இளகுமுன் இறங்கிவிடுதல் மலைவாணர் வழக்கம். இடனறிதலாவது, வழி எவ்வகையினது என்று முன்னரே தெரிதல். சுவிற்சர்லாந்து மக்கள் 1979இலே வாக்களித்து நடைவழிகளைத் தம் அரசியல் யாப்பிலேயே இடம்பெறச் செய்தவர்கள். ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வழிகளிலே மஞ்சட் குறியிட்டவை யாவர்க்கும் உரியவை. வெள்ளை, சிவப்பு, வெள்ளைக் குறியிட்டவை உறுதியான சப்பாத்தும் தலைசுற்றாத இயல்பும் உடையார்க்குரியவை. வெள்ளை, நீலம், வெள்ளைக் குறியிட்டவை பனியிலும் பாறையிலும் பயின்றார்க்கே உரியவை. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அக்குறிகள் பனியற்ற காலத்தைக் கருதி இடப்பட்டவை. பனி மூடியபோது எளிய வழியும் அரிய வழியாகும். குறியே பனிக்குள் மறைந்துவிடுதலும் உண்டு. புறப்படுமுன் அவ்வூர்ச் சுற்றுலா அலுவலகத்திலோ மலைவிடுதியிலோ வழியின் நிலையைக் கேட்டறிதல் ஒரு நிமிட வேலை. ‘ஆழமறியாமற் காலை விடாதே’ என்று கிணற்றடியிலே நம் பாட்டிமார் சொன்னதும் இதுவன்றோ?

இங்கே ஒரு தடை எழும். ‘அலை ஓய்ந்து தலை முழுக எண்ணுவார் எக்காலத்தும் முழுகார், நீர் சொல்வதைக் கேட்டால் இளைஞர் மலையையே காணாது கிழவராவர்’ என்பர் சிலர். பழமொழி மெய், ஆனால் இவ்விடத்துக்கு அது பொருந்தாது. அலை ஒருநாளும் ஓய்வதில்லை. பனியோ ஆண்டுதோறும் தவறாது உருகுகின்றது. நான் வேண்டுவது ஆறு அல்லது எட்டு வாரப் பொறுமையே. நயினை நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறும் ஆனி மாதத்திலேயே தாழ்ந்த மலைவழிகள் திறக்கத் தொடங்குகின்றன. ஆடி பிறந்தபின் உயர்ந்த ஏரிகளும் வழிவிடுகின்றன. அதுவரை பொறுக்க இயலாத இளைஞர்க்கு 1,500 மீற்றருக்குக் கீழே எத்தனையோ வழிகளும் நீர்நிலைகளும் உள. பனியிலேயே நடந்து பழக விரும்புவோர் தேர்ந்த வழிகாட்டியோடு செல்லட்டும். சப்பாத்தின் அடியிலே பூட்டும் இரும்புப் பற்களையும் பனிக்கோடரியையும் கையாளக் கற்கட்டும். அதனை நான் விலக்கவில்லை, விரும்பியே வரவேற்கின்றேன். வீட்டிலே அடைந்து கிடக்கும் பிள்ளையைவிட மலையிலே நடக்கக் கற்ற பிள்ளை உடலாலும் உள்ளத்தாலும் உயர்ந்தவனே.

‘இடர் வந்தால் அழைக்கத்தான் தொலைபேசி உண்டே’ என்பாரும் உளர். சுவிற்சர்லாந்திலே வான்மீட்புக்கு 1414 என்னும் எண்ணும், ஐரோப்பா எங்கும் 112 என்னும் எண்ணும் உள்ளமை உண்மையே. ஒவ்வொருவரும் அவற்றை மனத்திற் பதித்தல் வேண்டும். ஆனால் மலையிடுக்கிலே தொடர்பு கிடையாமற் போகலாம். குளிரிலே மின்கலம் விரைவில் வற்றும். முகில் மூடினால் உலங்கு வானூர்தி பறவாது. எங்கே செல்கின்றோம், எந்த வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவர்க்குச் சொல்லிச் செல்லும் பழைய வழக்கமே முதற் காப்பு. கடலுக்குப் போகும் மகன் தாயிடம் சொல்லிச் செல்வது நம் ஊர்களிலே மாறாத முறையன்றோ?

இனி, யான் முடிவாக வற்புறுத்த விரும்பும் பொருளுக்கு வருகின்றேன். அது திரும்பி வருதல் பற்றியது. நோர்வே நாட்டவர் பனியிலேயே பிறந்து வளர்பவர்கள். அவர்கள்தாமும் 1950களிலே மலைவழி செல்வார்க்கு விதிகள் வகுத்தனர். 1967ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையிலே மலைகளில் 18 பேர் இறந்தபின் அவ்விதிகள் நாடெங்கும் பரப்பப்பட்டன, 2016இலே புதுக்கப்பட்டன. ஒன்பது விதிகளுள் எட்டாவது, காலம் தாழ்க்குமுன் திரும்புக, திரும்புவதில் இழுக்கில்லை என்னும் கருத்தினது. அந்நாட்டுச் சிறுவரும் அதனை மனப்பாடமாகக் கூறுவர். பனியை அறிந்த மக்கள் கற்ற பாடம் இது. கடலை அறிந்த நம் தண்டையல்மார் கற்ற பாடமும் இதுவே.

நம் சமயம் இதனை அதற்கும் முன்னரே உணர்த்திற்று. திருநாவுக்கரசர் கயிலைக் காட்சியை விரும்பி வடதிசை நோக்கி நடந்தார். கால்கள் தேயக் கையால் ஊர்ந்தார். கைகள் தேய மார்பால் உந்தினார். உடல் முழுதும் தேய்ந்தும் முயற்சியை விட்டாரல்லர். அவ்விடத்து முனிவர் வடிவிலே தோன்றிய இறைவன், மானிடர்க்குக் கயிலை எய்தற்கு அரிது, மீண்டு செல்க என்றான். காணாது மீளேன் என்று அப்பர் மறுத்தார். பின்னர் இறைவன் ஆணையின்படி ஆங்கிருந்த பொய்கையிலே மூழ்கித் திருவையாற்றுக் குளத்திலே எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. மலையேறச் சென்றவரிற் சிறந்தவரை மலைக்குரியவனே திருப்பி அனுப்பினான். திரும்பியதனால் அவர் யாதும் இழந்தாரல்லர். ஏரிக்கு ஐம்பதடி தூரத்திலே பனிச்சரிவின்முன் நின்று தயங்கும் நம் பிள்ளைக்கு இவ்வரலாற்றை யாரேனும் முன்னரே சொல்லி வைத்திருப்பாராயின், அவன் நாணமின்றித் திரும்புவான். ஏரி அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும்.

நம் கழகத்தின் வெளிநாட்டுக் கிளைகள் ஆண்டுதோறும் இராவிருந்துகளும் இசைநிகழ்ச்சிகளும் நடத்துகின்றன, அவை நிகழ்க. அவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை மலைநடைநாள் ஒன்றையும் அமைத்தல் வேண்டும் என்பது என் விண்ணப்பம். அப்பர் கயிலைக் காட்சி கண்ட நாளாகத் திருவையாற்றிலே கொண்டாடப்படுவது ஆடி அமாவாசை. நம்மவர் கீரிமலையிலே நீராடித் தந்தையரை நினைக்கும் நாளும் அதுவே. அதனை அடுத்து வரும் விடுமுறை நாளிலே, பனி நீங்கிய வழியாக, அவ்வூர் வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, முதியோரும் இளையோரும் கூடி ஓர் ஏரிவரை நடக்கட்டும். இளையோர் பனியின் இயல்பைத் தாய்மொழியிலே எடுத்துரைக்க, முதியோர் காற்றின் பெயர்களையும் அவற்றுள் அடங்கிய அறிவையும் அவர்களுக்கு உரைக்கட்டும். முழங்கால் இயலாத முதியோர்க்காகப் பாதிவழியிலே கூட்டம் முழுவதும் திரும்பநேரினும் குறையில்லை. திரும்புதலும் அன்றைய பாடத்தின் ஒரு பகுதியே. இவ்வாண்டு ஒரு கிளை தொடங்கினால் அடுத்த ஆண்டு மற்றவை பின்பற்றும் என்பது என் நம்பிக்கை.